கோடையிலும் வற்றாத கைலாசகோனை: உழவருக்கு ஓர் அருவி தரும் பாடம்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் மலையும் இல்லை, அருவியும் இல்லை. ஏரியும் கிணறும் ஆழ்துளைக் கிணறுமே இப்பகுதி உழவர்களின் நீர் ஆதாரங்கள். ஆயினும், இங்கிருந்து சுமார் இரண்டரை மணி நேரப் பயணத்தில், சிறுவரும் முதியோரும் நடந்து சென்று காணத்தக்க அருவி ஒன்று உண்டு. கைலாசகோனை என்பது அதன் பெயர். ஆந்திர மாநிலத்தில் நாராயணவனத்துக்கு அருகே நகரிக் குன்றுகளின் மடியில் அது விழுகிறது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்விடம், 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாகும்.

விடுமுறை நாளில் குளித்துத் திரும்பும் இடமாகவே பலரும் இதை அறிவர். உழவர் பெருமக்கள் இதனை வேறொரு கண்கொண்டு பார்த்தல் நலம். மழை நின்று மாதங்கள் பல கழிந்த பின்பும், சமவெளியில் கிணறுகள் அடிமட்டம் காட்டும் நாட்களிலும், இவ்வருவியில் நீர் விழுகிறது. கோடையில் அது மெலியும். ஆனால் வற்றாத அருவி என்றே பெயர் பெற்றுள்ளது. அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை கண்டால், தம் கிணற்றை வற்றாமல் காக்கும் வழியும் உழவருக்குத் தெரிந்துவிடும்.

போகும் வழி

ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதியினர் திருவள்ளூர் சென்று அங்கிருந்து ஊத்துக்கோட்டையை அடையலாம். அம்பத்தூர்ப் பகுதியினருக்குச் செங்குன்றம், பெரியபாளையம் வழியும் ஏற்றது. ஊத்துக்கோட்டையைக் கடந்ததும் ஆந்திர எல்லை. சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், பிச்சாட்டூர் ஆகிய ஊர்களைத் தாண்டிப் புத்தூர் செல்லும் சாலையில், நாராயணவனத்தை நெருங்கும்போது அருவிக்குக் கிளைச்சாலை பிரிகிறது.

இப்பயணத்திலேயே கவனிக்க வேண்டியவை உள்ளன. சுருட்டப்பள்ளிக் கோயிலை ஒட்டி ஓடுவது ஆரணி ஆறு. பிச்சாட்டூரில் தேக்கப்பட்டிருப்பதும் அதே ஆற்றின் நீர்தான். கனமழைக் காலங்களில் பிச்சாட்டூர் அணை திறக்கப்பட்டு, ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்ற ஆண்டுகள் உண்டு. இக்குன்றுகளில் பெய்யும் மழையின் ஒரு பகுதி ஆரணி ஆற்றில் சேர்ந்து பழவேற்காடு நோக்கிச் செல்கிறது. மற்றொரு பகுதி நகரி ஆற்றின் வழியே கொசஸ்தலை ஆற்றில் கலந்து பூண்டி நீர்த்தேக்கத்தை வந்தடைகிறது. 1944ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி சத்தியமூர்த்தி சாகரிலிருந்து, கால்வாய்கள் வழியே சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளுக்கு நீர் செல்கிறது. ஆகவே நகரிக் குன்றுகள் வேற்று மாநிலத்தில் இருப்பினும், அங்குள்ள காட்டின் நலனும் இப்பகுதியினர் வீட்டுக் குழாய் நீரும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

சென்று வர ஏற்ற காலம் கார்த்திகை முதல் மாசி வரை. அப்போது நீரும் நிறைவாக இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். ஆயினும் பாடம் கற்கச் செல்வோர் பங்குனி அல்லது சித்திரையில் மீண்டும் ஒருமுறை சென்று பார்ப்பது நல்லது. மழைக்காலத்தில் அருவி விழுவதில் வியப்பில்லை. சித்திரையில் விழுவதிலேதான் செய்தி இருக்கிறது. உழவர் மன்றத்தினர் குழுவாகச் செல்லலாம். காலை 6 மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் நடையை முடித்துவிடலாம்.

நடையில் காண வேண்டியவை

நுழைவிடத்திலிருந்து அருவிக்குச் செல்வது குறுகிய நடைதான். மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் செல்லலாம். ஆனால் விரைந்து சென்று விடாமல், நான்கு இடங்களில் நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது, காட்டின் ஓரம். ஆடு மாடுகளும் மனிதரும் அடிக்கடி நடமாடுவதால் அங்கு மண் மிதிபட்டு இறுகியிருக்கும். முட்புதர்களே மிகுதியாக இருக்கும். தரையில் சருகு குறைவு. மழைநீர் ஓடிய சிறு கோடுகளும், மேல்மண் கரைந்து சரளைக் கற்கள் வெளியே தெரியும் திட்டுகளும் காணப்படும். மானாவாரி நிலம் வைத்திருப்போருக்கு இது பழகிய காட்சியே.

இரண்டாவது, மரநிழல். நகரிக் குன்றுகளில் உள்ளவை பெரும்பாலும் இலையுதிர் காடுகள். வெக்காலி, உசில் போன்ற மரங்களும், கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய செம்மரமும் இத்தகைய காடுகளில் வளர்கின்றன. கோடையில் இம்மரங்கள் இலையை உதிர்த்துவிடுகின்றன. இலை வழியே ஆவியாகும் நீரை மிச்சப்படுத்துவதற்காக மரம் செய்யும் ஏற்பாடு இது. உதிர்ந்த இலையோ வீணாவதில்லை. மரத்தின் காலடியிலேயே மூடாக்காக விரிந்து மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. பாதையோரத்தில் குனிந்து சருகைச் சற்றே விலக்கிப் பார்த்தால், மேலே உலர்ந்த இலை, அதன் கீழே பாதி மட்கிய இலை, அதற்கும் கீழே கருமையான பொலபொலப்பான மண் என்று மூன்று அடுக்குகள் தெரியும். பார்த்த பின் சருகை முன்போலவே மூடிவிட வேண்டும்.

இந்தச் சருகின் வேலை சிறிதன்று. பெரிய மழைத்துளி ஒன்று வினாடிக்கு சுமார் 9 மீட்டர் வேகத்தில் நிலத்தைத் தாக்குகிறது. வெற்றுத் தரையில் அத்துளி மண்ணைச் சிதறடிக்கும். சிதறிய நுண்மண் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். பிறகு விழும் நீர் உள்ளே இறங்க வழியின்றி மேலே ஓடும். சருகு மூடிய தரையில் துளியின் வேகம் முறிகிறது. நீர் மெல்லக் கசிந்து, மண்புழுவும் கறையானும் பழைய வேர்களும் உண்டாக்கிய துளைகளின் வழியே கீழே இறங்குகிறது.

மூன்றாவது, ஓடைக்கரை. இங்கு மரங்கள் மாறுகின்றன. நாவல், நீர்மருது, புங்கம் போன்றவை நீரருகே வளரும் இயல்புடையவை. இவற்றின் வேர்கள் கரையைப் பற்றிக் கொண்டிருக்கும். கனமழை பெய்யாத நாளில் ஓடை நீர் தெளிவாகவே இருக்கும். தெளிந்த நீர் என்றால், மேலே உள்ள மண் கரையவில்லை என்று பொருள். வயலிலிருந்து மழைநாளில் வெளியேறும் செந்நிற நீரை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் செந்நிறம் உழவர் காசு கொடுத்து இட்ட உரத்தையும் சேர்த்து அடித்துச் செல்லும் வண்டல் ஆகும்.

நான்காவது, அருவி விழும் பாறை. நகரிக் குன்றுகள் குவார்ட்சைட் என்னும் மிகக் கடினமான பாறையால் ஆனவை. அப்பாறைக்குள் நீர் ஊறாது. ஆனால் அதிலுள்ள வெடிப்புகளிலும் பிளவுகளிலும் நீர் இறங்கித் தங்கும். காட்டு மண் வழியே மெல்ல இறங்கிய மழைநீர் இப்பிளவுகளில் நிறைந்து, தாழ்வான இடத்தில் ஊற்றாக வெளிப்பட்டு, ஓடையாகச் சேர்ந்து அருவியாக விழுகிறது. ஐப்பசியில் பெய்த மழை மாதக்கணக்கில் மண்ணுக்குள்ளும் பாறைக்குள்ளும் பயணம் செய்து வந்து சித்திரையில் விழுகிறது எனலாம். மேலே சருகும் மண்ணும் இல்லையென்றால், அதே மழை சில மணி நேரத்தில் வெள்ளமாக இறங்கிவிடும். பாறைப் பிளவுகள் வெறுமையாகவே இருக்கும்.

இங்கு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். காடு நீரை உண்டாக்குவதில்லை. மரங்களும் நீரைக் குடிக்கின்றன. மழையில் ஒரு பங்கை அவை ஆவியாக்கி விடுகின்றன. எங்கேனும் மரம் நட்டால் உடனே ஊற்று பிறக்கும் என்று எண்ணுவது சரியன்று. மரம், சருகு, மட்கு, உயிரினங்கள் நிறைந்த மண் ஆகிய அனைத்தும் சேர்ந்து, வேகமாக ஓடும் நீரை மெதுவாக நடக்கும் நீராக மாற்றுகின்றன. காட்டின் பயன் இதில்தான் அடங்கியிருக்கிறது.

சமவெளியில் நடந்தது என்ன?

இந்தப் பாடம் சென்னையின் மேற்குப் பகுதிக்கு மிகவும் தேவையானது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையும் உருவாயின. வேலைவாய்ப்புப் பெருகியது, ஊர்களும் வளர்ந்தன. கழனிகள் மனைகளாயின. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, திருநின்றவூர் என ஏரிகளின் பெயர்கள் இன்றும் நிலைத்துள்ளன. ஆனால் அவற்றுக்கு நீர் கொண்டுவந்த வாய்க்கால்கள் பல இடங்களில் சுருங்கியும் தூர்ந்தும் போய்விட்டன. ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு நீர் வழங்கும் சங்கிலி அமைப்பு, இப்பகுதி முன்னோர் அமைத்துத் தந்த செயற்கைக் காடு என்றே சொல்லத்தக்கது. அதுவும் ஓடும் நீரை நிறுத்தி, நிலத்தடிக்கு இறக்கி, கிணறுகளுக்குக் கொடுத்தது.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் இதே பகுதிகள் வெள்ளத்தில் தவித்தன. நான்கே ஆண்டுகள் கழிந்தன. 2019ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் ஏறக்குறைய வறண்டு போயின. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீரை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் நிலையங்களைக் கடந்துதான் அந்த ரயில் வந்தது.

அந்த 25 லட்சம் லிட்டரை ஓர் உழவர் தம் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் நிலத்தில் 25 மி.மீ. மழை பெய்தால், அதன் அளவு சுமார் 1 லட்சம் லிட்டர். அப்படியானால் 25 ஏக்கரில் ஒரு நல்ல மழை பெய்தாலே, நெடுந்தூரம் கடந்து வந்த அந்த ரயில் நீருக்குச் சமம். இப்பகுதியின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, வடகிழக்குப் பருவமழையாக ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களில் எவ்வளவு நீரை நிலத்துக்குள் இறக்குகிறோம் என்பதைப் பொறுத்தே அடுத்த கோடை அமைகிறது.

இறக்குவதைவிட எடுப்பது மிகுந்தால் நேரும் தீங்குக்கும் இதே ஆற்றுப் படுகையில் சான்று உண்டு. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்து, நன்னீர்க் கிணறுகள் உப்பாகிவிட்டன. ஒருமுறை உப்பான கிணற்றை மீட்பது எளிதன்று.

காட்டின் முறையைத் தோட்டத்தில் கையாளுதல்

அருவியைக் கண்டு திரும்பும் உழவர்கள் முதலில் ஓர் எளிய சோதனையைத் தம் நிலத்தில் செய்து பார்க்கலாம். அடிப்பாகம் நீக்கிய தகர டப்பா ஒன்றை மண்ணில் இரண்டு அங்குலம் இறங்கும்படி அழுத்த வேண்டும். உள்ளே ஓர் இலையை வைத்து, அதன்மேல் ஒரு லிட்டர் நீரை மெதுவாக ஊற்றி, முழுவதும் உறிஞ்சப்பட எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மாமரத்தடியில் சருகு மூடிய இடம், வெறுமையாகக் கிடக்கும் திடல், டிராக்டர் ஓடித் தடம் பதிந்த இடம் ஆகிய மூன்றிலும் ஒரே நாளில் செய்து ஒப்பிட்டால், பிறர் எடுத்துச் சொல்லத் தேவையில்லாமல் வேறுபாடு விளங்கிவிடும்.

அடுத்துச் செய்யத்தக்கவை வருமாறு:

1. மா, கொய்யா, தென்னை, மல்லிகைத் தோட்டங்களில் உதிரும் இலைகளைக் கூட்டி எரிக்கக் கூடாது. பாத்தியில் மூடாக்காகப் பரப்ப வேண்டும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் சற்று இடைவெளி விடுவது அவசியம். இல்லையேல் அழுகல் நோயும் கறையானும் தாக்கக்கூடும்.

2. நிலம் காலியாக இருக்கும்போது தக்கைப்பூண்டு விதைக்கலாம். ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். 45 நாட்களில், பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மண்ணில் மட்கு பெருகும். நீர் பிடிக்கும் திறனும் உயரும்.

3. ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதாலும் கனமான இயந்திரங்கள் ஓடுவதாலும் தோட்டக்கால் நிலங்களில் மேல்மண்ணுக்குக் கீழே இறுகிய அடுக்கு உண்டாகிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பை கொண்டு உழுது அதனை உடைத்துவிட வேண்டும். நெல் வயலுக்கு இது பொருந்தாது. அங்கு நீர் தேங்கி நிற்பதற்காகவே சேற்றுழவு செய்கிறோம்.

4. சரிவுக்குக் குறுக்கே வரப்பு அமைத்து, வரப்பின்மேல் வெட்டிவேர் நடலாம். ஓடைக்கரையில் நீர்மருது செய்யும் வேலையைச் சிறிய அளவில் அது செய்யும். மண் வரப்போடு நின்றுவிடும். தெளிந்த நீர் மட்டும் வெளியேறும்.

5. நிலத்தின் தாழ்வான மூலையில் பண்ணைக்குட்டை வெட்டலாம். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் கொண்ட குட்டையில், பக்கங்களை நேராகக் கணக்கிட்டால் 1.5 லட்சம் லிட்டர் நீர் கொள்ளும். பக்கங்களுக்குச் சரிவு விடும்போது கொள்ளளவு சற்றுக் குறையும். குட்டைக்குள் நுழையும் இடத்தில் சிறு வண்டல் குழி ஒன்று அமைத்தால் தூர்வாரும் செலவு குறையும்.

6. நிலத்தை விற்று மனையில் குடியேறியவர்களும் விலக்கன்று. 1,000 சதுர அடிக் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் நீர் கிடைக்கும். 2003ஆம் ஆண்டில் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த குழிகள் பல வீடுகளில் மண் அடைத்துக் கிடக்கின்றன. புரட்டாசிக்குள் அவற்றைத் தோண்டி, மணலையும் கல்லையும் கழுவிப் போட வேண்டும்.

7. தனி ஒருவரால் இயலாதது வரத்துக் கால்வாய். ஊரார் கூடிப் பருவமழைக்கு முன்பே அதனைச் சீர்செய்ய வேண்டும். ஏரியைத் தூர்வாரிவிட்டு, வாய்க்காலை மறந்துவிட்டால் பயன் இல்லை. மண், பயிர், பண்ணைக்குட்டை ஆகியவை குறித்த ஆலோசனைக்குத் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

செல்வோர் கவனத்துக்கு

காட்டுக்குள் நடப்போர் சில விதிகளைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். அனுமதிக்கப்பட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. செம்மரக் கடத்தல் காரணமாக இம்மலைகளில் வனத்துறையின் கண்காணிப்பு கடுமையானது. ஒரு சுள்ளியைக்கூட எடுத்து வருதல் கூடாது.

மாசி முதல் வைகாசி வரை சருகு காய்ந்து கிடக்கும். பீடித் துண்டும், சமையல் அடுப்பின் ஒரு பொறியும் மலையையே எரித்துவிடப் போதும். மரம் பிழைத்துக் கொண்டாலும் சருகு அடுக்கு சாம்பலாகிவிடும். அடுத்த மழையில் அந்த மலைச்சரிவு, காட்டின் ஓரத்தில் பார்த்த மிதிபட்ட தரையைப் போலவே நீரை ஓடவிடும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் காட்டுத் தீயில் மலையேறச் சென்றோர் பலர் உயிரிழந்ததை மறக்கலாகாது. ஆகவே உணவை வீட்டிலேயே சமைத்து எடுத்துச் செல்வது நல்லது.

நீரில் இறங்கும்போது விழிப்பு தேவை. அருவிக்குக் கீழே வெயில் அடித்தாலும், மேலே மழை பெய்து கொண்டிருக்கக்கூடும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, அடுத்த கணமே கரையேறி மேட்டுக்குச் சென்றுவிட வேண்டும். பாசி படிந்த பாறைகளில் ஏறுவது ஆபத்து. ஊற்று நீர் தூய்மையானது என்று நம்பிக் குடிக்காமல், குடிநீரைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். கொண்டு சென்ற பாலித்தீன் பைகளையும் புட்டிகளையும் திருப்பி எடுத்து வருவது கடமை. குளிப்போர் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்தக் கூடாது. அருவிக்குக் கீழே அந்நீரைக் குடிக்கும் கால்நடைகளும் காட்டுயிர்களும் உண்டு.

சிறுவர்களையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.  மண்ணுக்குள் இறங்கிய மழை மீண்டும் திரும்பி வரும் என்பதை அவர்கள் கண்ணால் காண இதைவிட எளிய இடம் இவ்வட்டாரத்துக்கு அருகில் அரிது. வரும் ஐப்பசிக்குள் வரப்பை உயர்த்தி, சருகைப் பரப்பி, வாய்க்காலைத் திறந்து வைக்கும் உழவர், அதன் பலனை அடுத்த சித்திரையில் தம் கிணற்றிலேயே அளந்து பார்த்துக்கொள்ளலாம்.